சூளையும் அளவுகோலும்: உயர் வெப்பமானியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகவே நோக்கும் மரபொன்று உண்டு. உற்பத்தியின் தேவைகள் அக்கருவிகளைத் தோற்றுவித்த முறையினை இம்மரபு மறைத்துவிடுகின்றது. உயர் வெப்பமானியின் வரலாற்றை இந்நோக்கில் நாம் மீளாராய்தல் பயனுடையதாகும்.

இரசம் ஏறத்தாழ 357 பாகை சதமவளவையிற் கொதித்துவிடும். ஆதலின் இரும்பு உருக்குவோர்க்கும் மட்கலஞ் சுடுவோர்க்கும் இரச வெப்பமானி உதவவில்லை. தீயின் நிறமே அவர்களது அளவுகோலாயிற்று. செம்மை, செம்மஞ்சள், வெண்மை என மாறும் ஒளியைக் கொண்டு சூளையின் நிலையை அறியும் ஆற்றல் நீண்ட பயிற்சியால் வாய்ப்பது. அது தொழிலாளியின் கண்ணோடு கூடிய அறிவு. அதனைக் கணக்கேட்டிற் பதியவோ, எளிதிற் பிறர்க்குக் கையளிக்கவோ இயலாது. தொழிற்சாலை உடைமையாளருக்கு இதுவே சிக்கலாயிற்று.

இங்கிலாந்தின் எத்துரூரியா மட்கலத் தொழிற்சாலையின் அதிபரான யோசையா வெட்ஜ்வூட் 1782இல் தமது வெப்பமானியை றோயல் கழகத்துக்கு அறிவித்தார். மறுவருடம் அதன் உறுப்பினரானார். சுடப்படுங் களிமண் சுருங்கும் என்பதே அவர் கொண்ட அடிப்படை. சூளையிலிட்டு எடுத்த சிறு களிமண் துண்டினை, படிப்படியாக ஒடுங்கிச் செல்லும் தவாளிப்பொன்றில் நகர்த்தி, அது தடைப்படும் இடத்தைக் கொண்டு பாகை கணிக்கப்பட்டது. தம் அளவுகோலின் ஒவ்வொரு பாகையும் 130 பாகை பரனைற்றுக்குச் சமம் என அவர் கணித்தார். இதன்படி பொன்னின் உருகுநிலை 5237 பாகை பரனைற்று ஆயிற்று. உண்மையில் அது ஏறத்தாழ 1948 பாகையே. வெள்ளியின் விரிவைக் கொண்டு இரு அளவுகோல்களையும் இணைத்தமையும், களிமண் சீராகச் சுருங்கும் எனக் கருதியமையும் இப்பிழைக்குக் காரணங்களாயின. மேலும், அதே தன்மையுடைய களிமண் பிறர்க்குக் கிடைப்பது அரிதாயிற்று. எவரும் மீளாக்க இயலாத அளவுகோல் பொது அளவுகோலாதல் இயலாது.

எனினும் அக்கருவியை வெறுந் தோல்வியெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. மட்கலம் பக்குவமடைவதற்கு வெப்பநிலை மட்டுமன்றிச் சூடேறும் காலமும் வேண்டும். களிமண் துண்டு இவ்விரண்டையும் ஒருங்கே பதிவுசெய்கின்றது. 1886இல் ஜேர்மனியில் ஹேர்மன் சேகர் அமைத்த உருகு கூம்புகளும் இத்தகைய பயனையே தந்தன. அவ்வகைக் கூம்புகள் இன்றும் சூளைகளில் வழக்கிலுள்ளன.

இக்காலத்தை அடுத்தே பிரான்சிய இரசாயனவியலாளர் லெ சற்றலியே பிளாற்றினமும், பிளாற்றினம்-உரோடியக் கலப்புலோகமும் இணைந்த வெப்பமின்னிணையை நிலைநிறுத்தினார். 1892இல் ஒளியியல் உயர் வெப்பமானியொன்றையும் அவர் அமைத்தார். ஹொல்போண், குர்ல்பௌம் ஆகியோர் 1901இல் விவரித்த கருவியில் மின்குமிழின் இழை உலையின் ஒளிக்கெதிரே பார்க்கப்படும். மின்னோட்டத்தை மாற்ற, இழையின் ஒளி உலையின் ஒளியோடு ஒன்றி இழை மறையும். அவ்வேளையிலுள்ள மின்னோட்டமே வெப்பநிலையை உணர்த்தும்.

குர்ல்பௌம் பணியாற்றிய பேர்லின் அரச பௌதிக-தொழினுட்ப நிறுவனம் 1887இல் நிறுவப்பட்டது. மின்விளக்குக் கைத்தொழிலுக்கு நம்பகமான ஒளியளவை தேவைப்பட்டமை அங்கு நிகழ்ந்த கதிர்வீச்சு ஆய்வுகளுக்கு முக்கிய தூண்டுதலாயிற்று. அவ்வளவீடுகளை விளக்க முயன்றபோதே 1900இல் மாக்ஸ் பிளாங்க் தமது கதிர்வீச்சு விதியை அடைந்தார். 1990ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுத்திட்டம், வெள்ளியின் உறைநிலையாகிய 961.78 பாகைக்கு மேல் அவ்விதியையே அடிப்படையாகக் கொண்டது.

இழை மறையும் கணத்தைத் தீர்மானித்ததும் மனிதக் கண்ணே என்பதை நாம் மறத்தலாகாது. முன்னர் சூளைத் தொழிலாளி நினைவிற் கொண்டிருந்த நிறம் இப்போது இழைக்கு மாறியது. அவனது தீர்ப்பு எண்ணாகிக் காரியாலயத்துக்குச் சென்றது. அதனால் அவ்வறிவு எவருங் கற்கத்தக்கதாயிற்று. அதேவேளை, அதனைத் தன் கையில் வைத்திருந்தவனின் பேரம்பேசும் வலிமையுங் குன்றியது. கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே எழுதுதல் வேண்டும்.