வேட்டைத் துப்பாக்கியும் பழவேற்காட்டு மருந்தும்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். அதற்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டில் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய தொழில் நடந்தது. அது துப்பாக்கி மருந்து தயாரிப்பு. துப்பாக்கி குறி தவறாமல் சுட நல்ல குழல் மட்டும் போதாது. மருந்தும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

டச்சுக்காரர்களின் ஆலை

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 17ஆம் நூற்றாண்டில் இங்கு தயாரான மருந்து படேவியா, மலாக்கா, இலங்கை ஆகிய இடங்களுக்குக் கப்பலில் சென்றது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததே அக்கால மருந்து. வெறும் பொடியாக வைத்தால் வழியிலேயே மூன்றும் பிரிந்துவிடும். அதனால் அக்காலத்து ஆலைகளில் ஈரமாக அரைத்து, குருணையாக்கிச் சலித்து உலர்த்தினார்கள். குருணை ஒரே அளவில் இருந்தால்தான் மருந்து ஒரே சீராக எரியும்.

கையளவும் ஆலைத் தோட்டாவும்

குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடியும் கைத்தயாரிப்புதான். எவ்வளவு மருந்து போட்டால் தன் துப்பாக்கி நேராகச் சுடும் என்பது வேட்டைக்காரருக்கு அனுபவத்தில் தெரியும். குறைந்தால் குண்டு தாழப் போகும். மிகுந்தால் குழலே வெடிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டில் பித்தளைக் கூட்டுத் தோட்டா வந்தது. அளக்கும் வேலை ஆலைக்குப் போனது. 1904இல் நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்துக்கான ஆலை தொடங்கப்பட்டது. இராணுவத்தின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்க ஆங்கிலேய அரசு தடை விதித்ததால், இந்தியாவில் .315 வேட்டைத் துப்பாக்கி பரவியது. பின்னர் அது இஷாப்பூர் ஆலையிலும் தயாரானது.

மீண்டும் கைக்கு

ஆலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானது. ஆனால் ஒரே ஆலையில் செய்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒன்றுபோல் சுடுவதில்லை. சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு குண்டும் அதே வேகத்தில், அதிர்வின் அதே கட்டத்தில் வெளியேறினால் எல்லாம் ஓரிடத்தில் படும். எனவே அமெரிக்கா போன்ற நாடுகளில் பலர் சுட்ட கூட்டை எடுத்து, புதிய கேப்பு வைத்து, மருந்தைத் தராசில் நிறுத்து, தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாவைத் தாங்களே செய்கின்றனர். சாதாரண ஆலைத் துப்பாக்கியும் இதனால் நன்றாகச் சுடும்.

இது வெறும் பெருமைக்காக அல்ல. குறி தவறினால் விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும். புலிகள் ஆட்கொல்லியாவதற்குக் கவனமின்றிச் சுட்ட காயங்களும் ஒரு காரணம் என்று 1944இல் வெளியான நூலில் ஜிம் கார்பெட் எழுதினார்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் தேவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எனவே இந்தப் பழக்கம் இங்கு வளரவில்லை. .22 தோட்டாவைத் திரும்ப நிரப்ப முடியாது. ஆகவே அதில் போட்டியிடும் வீரர்கள் பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முடிவுரை

பழவேற்காட்டில் இன்று மருந்து ஆலை இல்லை. டச்சுக் கல்லறைகள் நிற்கின்றன. அன்று சல்லடை செய்த வேலையை இன்று தராசு செய்கிறது. கருவி மாறினாலும், ஒவ்வொரு வெடியும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும் என்ற தேவை மாறவில்லை.