ஜூ டவுனும் பிரிக்க முடியாத மாறிகளும்

கல்லூரிக் கணக்கில் 'மாறிகளைப் பிரித்தல்' நினைவிருக்கிறதா? வகைக்கெழுச் சமன்பாட்டில் ஒரு மாறியை இடப்பக்கம் தள்ளு, மற்றதை வலப்பக்கம் தள்ளு, இரண்டு பக்கமும் தொகையிடு. அவ்வளவுதான். 1691-ல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸுக்குக் கடிதத்தில் சொன்ன உத்தி.

பாடப்புத்தக உதாரணம் மக்கள்தொகை. எனக்கோ கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன்தான் ஞாபகம் வரும். அங்குள்ள பரதேசி சினகாக் 1568-ல் கட்டியது. 1948 வாக்கில் எர்ணாகுளம், பரவூர், மாளை, சேந்தமங்கலம் எல்லாம் சேர்த்துக் கொச்சி யூதர்கள் சுமார் 2,500 பேர்.

ஆண்டுக்கு 2 சதவீதம் பேர் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை ஒரு பக்கம், காலம் மறுபக்கம். தொகையிட்டால் இடப்பக்கம் மடக்கை வரும். விடை: 35 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகும். 50 வருஷம் கழித்தும் 920 பேர் மிஞ்சணும்.

நடந்தது அதுவல்ல. 1950களின் நடுவிலேயே பெரும்பாலோர் கூட்டமாக இஸ்ரேல் போய்விட்டார்கள். பரதேசி யூதர்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இன்று விரல்விட்டு எண்ணும் நிலை.

சமன்பாடு எங்கே சறுக்கியது? விகிதம் மாறிலி என்று எடுத்துக்கொண்ட இடத்தில். விகிதம் காலத்தோடு மட்டும் மாறினால் பரவாயில்லை, அப்போதும் பிரிக்கலாம். எண்ணிக்கையோடு மட்டும் மாறினாலும் பிரிக்கலாம். இங்கே இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. 1948-ல் இஸ்ரேல் உருவானது காலத்தின் கணக்கு. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்ற விதி எண்ணிக்கையின் கணக்கு. பக்கத்து வீடு கிளம்பினால் பத்து ஒன்பதாகிறது. அப்புறம் இருப்பவருக்கும் இருப்புக்கொள்ளாது. ஒருவர் போவது அடுத்தவர் போவதைத் துரிதப்படுத்துகிறது, அதுவும் போக வழி திறந்திருக்கும் வருஷத்தில்.

வேலைக்காகக் கடல் தாண்டி வந்த நம் ஊர்க் கதையும் இதேதான். எங்கள் தெருவில் முதலில் ஒருத்தர் கிளம்பினார். பிறகு அவர் தம்பி, அவர் சிநேகிதர்கள், அப்புறம் நான். 'அவனவன் விருப்பம்' என்று தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். பரதேசி என்றால் வேற்று தேசத்தான். இப்போது அந்தப் பெயர் எனக்கும் பொருந்துகிறது.