கிஷினேவ் நகரமும் ஒரு கவிஞரின் குறிப்பேடும்

சில வருடங்களுக்கு முன் ஓர் இலக்கிய வட்டத்தில் ஹீப்ரு மொழிக் கவிஞர் பியாலிக் பற்றி உரையாற்ற நேர்ந்தது. ‘கொலை நகரில்’ என்ற அவரது நெடுங்கவிதையை ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்போதுதான் படித்திருந்தேன். அந்த வேகத்தில், 1903இல் கிஷினேவ் நகரத்து யூத ஆண்கள் தம் பெண்கள் சீரழிக்கப்படுவதை ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அடித்துச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் முதியவர் ஒருவர் அருகில் வந்து, “மாஸ்டர், அதை ஆர் கண்டது?” என்று கேட்டார். “கவிஞர் நேரிலை போய் விசாரிச்சு எழுதினவர் ஐயா” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. நேயர்களே, இன்றைய உரை அந்தக் கேள்விக்கு நான் பிந்திக் கொடுக்கும் பதில்.

கிஷினேவ் இன்று மொல்டோவா நாட்டின் தலைநகர். அன்று ரஷ்யப் பேரரசின் பெசராபியா மாகாணத்துக்கு உட்பட்டது. ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர். 1903 பெப்ரவரியில், சற்றுத் தொலைவிலிருந்த டுபொசாரி என்னும் ஊரில் கிறிஸ்தவச் சிறுவன் ஒருவன் கொலையுண்டு கிடந்தான். சடங்குக்கு இரத்தம் எடுக்கவே யூதர் அவனைக் கொன்றனர் என்று குருஷெவான் என்பவரின் ‘பெசராபெட்ஸ்’ பத்திரிகை எழுதித் தள்ளியது. அவனைக் கொன்றவர் அவனது உறவினரே என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. ஈஸ்டர் ஞாயிறும் மறுநாளும் நடந்த வெறியாட்டத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

இந்தச் சம்பவத்தின் திகதியே புதிதாகப் படிப்போரைத் தடுமாற வைக்கும். சில நூல்கள் ஏப்ரல் 6, 7 என்கின்றன. வேறு சில 19, 20 என்கின்றன. இரண்டும் சரியே. ரஷ்யாவில் அன்று பழைய நாட்காட்டி வழக்கிலிருந்தது. அது இருபதாம் நூற்றாண்டில் 13 நாள் பிந்தியது. ஆனால் இறந்தோர் தொகையில் உள்ள வேறுபாட்டை நாட்காட்டி கொண்டு தீர்க்க முடியாது. அமெரிக்கப் பத்திரிகையில் வந்த ஆரம்பச் செய்தியொன்று 120 பேர் இறந்ததாகக் கூறியது. தணிக்கைக்கு அஞ்சி, எல்லை தாண்டிக் கடத்தப்பட்ட செய்தி அப்படித்தான் வரும். அதை எழுதியவரை நான் பொய்யர் என்னமாட்டேன். ஆயினும் 49 என்பது புதைகுழிகளையும் பெயர்களையும் கொண்டு நின்ற எண். பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், அது பொய்யென்று எதிரி காட்டும்போது 49 பேரையும் சேர்த்து இழக்கிறான்.

அடுத்தது ஒரு கடிதம். 1903 மே மாதத்தில் இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை அதை வெளியிட்டது. கலவரத்துக்கு முன்னரே, ரஷ்ய உள்நாட்டு அமைச்சர் பிளேவே மாகாண ஆளுநருக்கு எழுதியதாம். யூதருக்கெதிராகக் குழப்பம் மூண்டால் ஆயுத பலத்தைப் பிரயோகிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். உலகம் கொதித்தது. அப்பத்திரிகையின் நிருபர் ரஷ்யாவிலிருந்து வெளியேற்றப்பட்டார். வெளியேற்றியதே கடிதம் உண்மை என்பதற்குச் சான்று எனப் பலர் எண்ணினர். ஆனால் மூலப்பிரதியை எவரும் கண்டதில்லை. 1917இல் ஜார் ஆட்சி கவிழ்ந்து ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்ட பின்னரும் அது அகப்படவில்லை. இன்றைய வரலாற்றாசிரியருட் பெரும்பாலோர் அது போலி என்றே கொள்கின்றனர்.

கடிதம் போலியானால் அரசாங்கம் சுத்தமா? நகரில் ஆயிரக்கணக்கான படையினர் இருந்தும் இரண்டாம் நாள் பொழுது சாயும்வரை உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அதை நிறுவக் கடிதம் எதுவும் தேவையில்லை. ஆளுநரைப் பதவி நீக்கம் செய்ததன் மூலம் அரசே ஒருவாறு ஒப்புக்கொண்டது. போலிக் கடிதத்தை எழுதியவர் யாராயினும், உண்மைக் குற்றத்துக்குத் தேவையற்ற முட்டுக் கொடுத்து அதைப் பலவீனப்படுத்திவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

மறுபுறத்துப் போலி இதனினும் கொடியது. அதே குருஷெவான், அதே ஆண்டின் பிற்பகுதியில், யூத மூப்பர்கள் உலகாளச் சதி செய்வதாகக் கூறும் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்பதைத் தம் மற்றொரு பத்திரிகையான ‘ஸ்னாம்யா’வில் முதன்முதல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி 1864இல் வந்த ஒரு பிரெஞ்சு அங்கத நூலிலிருந்து களவாடப்பட்டது. 1921இல் இதை அம்பலமாக்கியது அதே இலண்டன் ‘டைம்ஸ்’! ஒரே பத்திரிகை 1903இல் ஏமாந்தது, 1921இல் ஏமாற்றைப் பிடித்தது. ‘பெரிய பத்திரிகையில் வந்தது’ என்று சொல்லி ஒன்றை நம்பச் சொல்வோருக்கு நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இனிப் பியாலிக்கிடம் வருவோம். கலவரத்துக்குப் பின் ஒடெசா நகரத்து யூத அறிஞர்கள், வரலாற்றாசிரியர் டுப்னோவ் முதலானோர், சாட்சியங்களைத் திரட்ட அவரை அனுப்பினர். அப்போது அவருக்கு முப்பது வயது. வாரக்கணக்கில் தங்கி, வீடு வீடாகச் சென்று, உயிர் தப்பியோர் சொன்னவற்றைக் குறிப்பேடுகளில் எழுதினார். அக்குறிப்புகள் நூலாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. வந்தது கவிதைதான். தணிக்கையை ஏமாற்ற, 1648இல் படுகொலை நடந்த நெமிரோவ் என்னும் ஊரின் பெயரைத் தலைப்பில் வைத்து அதனை அச்சிட்டார்கள். இளைஞர் அதைப் படித்து வெட்கமுற்றுத் தற்காப்புக் குழுக்கள் அமைத்தனர் என்பர். கவிதை செய்ய நினைத்ததைச் செய்துவிட்டது.

குறிப்பேடுகள் முழுமையாக அச்சேறியது 1991இல்தான். அவற்றில் என்ன இருந்தது? ஒளிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இரண்டாம் நாட் காலையில் தடிகளோடு ஒன்றுதிரண்டு நின்ற ஆண்களும் இருந்தார்கள். காவல்துறை வந்து கலைத்தது அவர்களைத்தான். கவிஞர் தம் கையாலேயே இதனை எழுதி வைத்திருந்தார்; கவிதைக்குள் அதை விடவில்லை. பெண்கள் தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாற் சொன்ன வாக்குமூலங்களும் குறிப்பேட்டில் உள்ளன. கவிதையிலோ அப்பெண்களுக்குக் குரலே இல்லை.

பரணி பாடிய புலவனிடம் போய் யானைக் கணக்குக் கேட்பாரில்லை. பியாலிக்கையும் நான் குறை சொல்ல வரவில்லை. பிழை என்னுடையது. கோபத்தில் எழுந்த ஒரு பாட்டை வாக்குமூலமாக வாசித்தேன். அவர் நேரில் போனார் என்பதையே சான்றாகக் காட்டினேன். நேரில் போனவர் கண்டதெல்லாம் பாட்டில் வந்ததா என்று கேட்கவில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அந்த எதிர்ப்பைப் பற்றி அன்றே உரத்துப் பேசியவர்கள் யூதரின் பகைவர்கள். யூதர் தடியெடுத்ததாற்றான் இரண்டாம் நாள் கலவரம் முற்றியது என்று பழியைத் திருப்புவதற்காகப் பேசினார்கள். பகைவன் வாயில் வந்ததனால் அச்செய்தி பொய்யாகிவிடாது. செய்தி மெய்யானதால் அவன் கட்டிய நியாயம் மெய்யாகிவிடவும் மாட்டாது. இரண்டையும் பிரித்தெடுக்கக் கவிஞரின் குறிப்பேடு அன்றே வெளிவந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும்!

‘கண் தெரியாத இசைஞன்’ நாவல் மூலம் நமது வாசகருக்கு அறிமுகமான ரஷ்ய எழுத்தாளர் கொரலேன்கோவும் இரண்டு மாதங்களின் பின் கிஷினேவுக்குப் போனார். அவர் யூதரல்லர். முழு நகரத்தையும் எழுத முயலாமல், ‘13ஆம் இலக்க வீடு’ என்று ஒரே ஒரு வீட்டையும் முற்றத்தையும் எடுத்துக்கொண்டு, அங்கே யார் எங்கே நின்றார், எவ்வழியாக ஓடினார் என்று அயலவரை விசாரித்து எழுதினார். தணிக்கை அதையும் ரஷ்யாவில் உடனே வரவிடவில்லை.

அந்த முதியவரைப் பிறகு நான் சந்திக்கவில்லை. இந்த ஒலிபரப்பைக் கேட்டிருந்தால், ஐயா, தடியோடு நின்றவர்களும் இருந்தார்கள். கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்; கவிஞரே அதை எழுதி வைத்திருக்கிறார்.