பிணையாகச் சென்ற இளவரசர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறிச்செல்லும் நெடுஞ்சாலையில் இன்று ஆலைகளையே மிகுதியாகக் காண்கிறோம். ஒரு காலத்தில் இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் ஓர் அரசெல்லை இருந்தது. அவ்வெல்லையை வகுத்த உடன்படிக்கைக்கு ஈடாக நின்றவர்கள் இரண்டு சிறுவர்கள்.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் தர இசைந்தார். கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் ஆங்கிலக் கம்பெனியாரைச் சேர்ந்தது. ஓசூர் திப்புவிடமே நின்றது. உடன்படிக்கை நிறைவேறும்வரை, அவருடைய புதல்வர் அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும் காரன்வாலிஸ் பிரபுவிடம் பிணையாக ஒப்புவிக்கப்பட்டனர். மூத்தவருக்கு ஏறத்தாழப் பத்து வயது, இளையவருக்கு எட்டு என அக்காலக் குறிப்புகள் கூறும். சென்னையில் வைக்கப்பட்டிருந்த அவர்கள் 1794இல் தேவனஹள்ளியில் தந்தையிடம் சேர்க்கப்பட்டனர்.

ஐதர் அலி, திப்பு என்னும் இரண்டு தலைமுறைகளோடு இவ்வமிசத்தின் ஆட்சி 1799இல் முடிவுற்றது. ஓசூரும் கம்பெனியார் வசமாயிற்று. புதல்வர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

யார் யாரைப் பெற்றார் என்பதை வமிச அட்டவணை கூறும். பெரியோர் செய்த போருக்கு எந்தப் பிள்ளை ஈடாயிற்று என்பதை அது கூறுவதில்லை. வரலாறு பயிலும் நாம் அதனையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.