மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் மறைந்த செய்மதிகள்

கடந்த மாரி காலத்தில் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தபோது, மருமகன் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கழற்றி, அதற்குள் தீப்பெட்டியளவான ஜீ.பி.எஸ். வாங்கியொன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். இத்தகைய ரவுட்டர்கள் பலவற்றில் மின்கலத்தில் இயங்கும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் இணையத்தைக் கேட்டே நேரத்தை அறிகின்றன. இணையமும் இல்லாவிட்டால் செய்மதியைக் கேட்கலாமே என்பது அவனது எண்ணம். வயர்களில் பிழையில்லை, வாங்கி அனுப்பிய எழுத்துக்கள் கணினித் திரையில் ஓடின. ஆனால் ஒரு செய்மதியேனும் அகப்படவில்லை.

"மாமா, இது பழுது. வேற ஒண்டு வாங்க வேணும்" என்றான்.

எனக்கு மொஸ் லாண்டிங் நினைவுக்கு வந்தது.

கலிபோர்னியாவின் மொன்ரரே விரிகுடாவில் உள்ள சிறிய துறைமுகம் அது. மீன்பிடிப் படகுகளோடு கடலாய்வுக் கப்பல்களும் அங்கே கட்டப்படுவதுண்டு. 2001 ஏப்ரலில், துறைமுகத்திற்குள் ஜீ.பி.எஸ். இயங்கவில்லை என்று ஆய்வுக் கப்பலொன்றின் கப்டன் முறையிட்டார். அவரது கருவி மட்டும் பழுதடைந்திருக்கவில்லை. துறைமுகம் முழுவதுமே செய்மதிகளை இழந்திருந்தது. பனிமூட்டத்திற்குப் பெயர்போன கரை அது. கருவியை நம்பித் துறைமுக வாயிலைத் தேடிவரும் படகோட்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இந்தச் சேவையின் முதலாவது செய்மதி 1978 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்டது. அமெரிக்க இராணுவத்துக்கென்றே பிறந்த ஏற்பாடு. 1983 செப்ரெம்பர் 1 ஆம் திகதி, வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இச்சேவை பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ஜனாதிபதி றீகனின் அரசு அறிவித்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. மொஸ் லாண்டிங் விவகாரம் அதற்கு ஓராண்டு கழிந்தே நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் இதனை நம்பத் தொடங்கியிருந்த வேளை அது.

ஆனால் நம்பியிருந்த பொருளோ மிக மெலிந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் அலை, வாங்கியின் அன்ரனாவை அடையும்போது அதன் வலு, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்களவே. வாங்கிக்குள் இயல்பாகவே உள்ள இரைச்சல் இதைவிடப் பெரிது. சமிக்ஞையின் குறியீட்டு ஒழுங்கை முன்கூட்டியே அறிந்திருப்பதால்தான் வாங்கி அதனைப் பிரித்தெடுக்கிறது. சந்தை இரைச்சலில், தெரிந்த குரலொன்று நம் பெயரை மெல்லச் சொன்னாலும் காதில் விழுவது போல.

மொன்ரரேயில் கடற்படையின் பட்டமேற்படிப்புக் கல்லூரி உள்ளது. அதன் ஆய்வாளர்கள் திசையறியும் அன்ரனாக்களோடு துறைமுகத்தைச் சுற்றித் தேடினார்கள். மே மாதத்தில் முதற் குற்றவாளி பிடிபட்டான். படகொன்றில் பூட்டியிருந்த தொலைக்காட்சி அன்ரனா! தொலைவிலிருந்து வரும் மெலிந்த ஒளிபரப்பைப் பெருக்குவதற்காக அதற்குள் வைத்திருந்த சிறு பெருக்கி, தன்னிச்சையாக அதிர்ந்து, செய்மதிகள் பேசும் 1575.42 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையருகே தானே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதனை நிறுத்திய பின்னரும் துறைமுகம் தெளியவில்லை. தேடல் தொடர்ந்தது. முடிவில் மூன்று மூலங்கள் கண்டறியப்பட்டன. கடையில் எவரும் வாங்கக்கூடிய பண்டங்கள். எவருக்கும் தீய எண்ணம் இருக்கவில்லை. பின்னாளில் அமெரிக்கக் கரையோரக் காவற்படையும் இத்தகைய அன்ரனாக்கள் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தன் முதலாளியின் கண்காணிப்பிலிருந்து தப்புவதற்காகத் தடைக்கருவியோடு வாகனமோட்டி, நியூவார்க் விமான நிலையத்தின் கருவியைக் குழப்பிய சாரதிக்கு 2013 இல் 31,875 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது நல்ல செய்தியாயிற்று. கள்வன் ஒருவன் அகப்பட்டானல்லவா? கள்வனில்லாத மொஸ் லாண்டிங் கதை துறைசார் சஞ்சிகை வாசகர்களோடு நின்றுவிட்டது. நானும் அதைப் பல்லாண்டுகள் கழித்தே படித்தேன்.

"ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டுப் பார்" என்றேன். வாங்கியை மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியோடு இணைத்து, ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்தான். ஒன்றிரண்டு நிமிடங்களில் செய்மதிகள் வரிசையாகத் தோன்றின. வைஃபை இயங்குவது 2,400 மெகாஹேர்ட்ஸில். தொலைவான அலைவரிசைதானே என்று அவன் வாதாடினான். உண்மைதான். ஆயினும் ரவுட்டருக்குள் துடிக்கும் கடிகாரச் சில்லுகளும் நினைவகமும் மலிவான மின்வழங்கியும் பரவலாக இரைச்சலைக் கக்குகின்றன. சில விரற்கடை தூரத்தில் அந்த இரைச்சல் போதும். மறுபக்கம், வைஃபை ஒலிபரப்பின் வலு மிக அருகிலுள்ள வாங்கியைத் திணறடிக்கவும் கூடும்.

பின்னர் வேலை எளிதாயிற்று. வாங்கியை ரவுட்டரின் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, உலோகக் கூடொன்றில் அடைத்தான். காப்புறையுள்ள ஐந்து மீற்றர் வயரில் தனி அன்ரனாவைக் கொண்டுசென்று, வானம் தெரியும்படி விறாந்தைத் தகரத்தின்மேல் வைத்தான். ரவுட்டரை மீண்டும் இயக்கியபோதும் செய்மதிகள் மறையவில்லை. கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியது.

மொஸ் லாண்டிங் கதையைக் கேட்டவன், முற்காப்பாகக் கூடத்துத் தொலைக்காட்சியின் பூஸ்டரையும் கழற்றிவிட்டான். அன்றிரவு நாடகம் தொடங்கும் வேளையில்தான் தங்கைக்கு அது தெரியவந்தது.