பத்து நிமிட மௌனம்

1988ஆம் ஆண்டு. டோக்கியோவை அடுத்த சிபா மாநிலத்தில், ஃபுனபாஷி நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று. காலையில் பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் பேச்சு அடங்கிற்று. மாணவியர் ஆளுக்கொரு நூலை விரித்திருந்தனர், ஆசிரியர்களும் அவ்வாறே. ஹயாஷி ஹிரோஷி என்னும் ஆசிரியர் முன்மொழிய, ஒட்சுகா எமிகோ என்னும் ஆசிரியை தம் வகுப்பில் வேரூன்றச் செய்த 'காலை வாசிப்பு' இது. ஒட்சுகா மொழியாசிரியர் அல்லர், உடற்பயிற்சி ஆசிரியை என்பது நமக்குச் சுவையான செய்தி.

அமெரிக்கரான ஜிம் டிரெலீஸ் எழுதிய வாசிப்புக் கையேட்டின் ஜப்பானிய மொழிபெயர்ப்பே ஹயாஷிக்குத் தூண்டுகோல். விதிகள் நான்கு: எல்லோரும் படிப்பது, நாள்தோறும் படிப்பது, பிடித்ததைப் படிப்பது, வெறுமனே படிப்பது.

நான்காவதுதான் துணிச்சலானது. ஜப்பானில் நூலைப் படித்துக் கருத்துக் கட்டுரை எழுதுவது கோடை விடுமுறையின் வழக்கமான வீட்டுப்பாடம். அதற்கென 1955 முதல் தேசியப் போட்டியே நடந்துவருகிறது. கட்டுரை எழுத வேண்டுமே என்ற அச்சத்தில் நூலையே வெறுத்த பிள்ளைகள் எத்தனை பேரோ! ஹயாஷி எதையும் எழுதச் சொல்லவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. படித்தது என்ன என்று கேட்பாரில்லை. படிக்கும்போது ஆசிரியர் கண்காணிப்பவராக நிற்காமல் தாமும் ஒரு வாசகராக அமர்ந்ததை இம்முயற்சியின் உயிர்நிலை என்றே நாம் கருதுகிறோம். வீட்டில் எவரும் படித்துப் பார்த்திராத பிள்ளைக்கு அது புதிய காட்சியாக இருந்திருக்கும்.

முரண் இல்லாமல் இல்லை. எல்லோரும் படித்தாக வேண்டும் என்பது கட்டாயம். பிடித்ததைப் படி என்பது சுதந்திரம். அந்தச் சுதந்திரத்திலும் பல பள்ளிகள் மாங்கா எனும் சித்திரக்கதைகளை விலக்கிவைத்தன. பதின்வயதினருக்கு உண்மையில் பிடித்தது அதுவாயிற்றே!

வழக்கம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. 2001இல் சிறார் வாசிப்பை ஊக்குவிக்கும் சட்டம் வந்தது. ஏப்ரல் 23 சிறார் வாசிப்பு நாளாயிற்று. ஒரு மாதத்தில் ஒரு நூலும் படிக்காதோர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நடுநிலைப் பள்ளிகளில் 43 விழுக்காடு, 2023இல் 13.1. பத்து நிமிடம் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் அதற்குப் பங்கில்லை என்பதும் பொருந்தாது.

உயர்நிலைப் பள்ளியில்தான் கதை வேறு. அங்கே 58.8 விழுக்காடு, 43.5 வரை மட்டுமே இறங்கிற்று. ஹயாஷியும் ஒட்சுகாவும் தொடங்கியது அந்த வயதினரிடம்தான்.