கடைசி வாங்குப் பிள்ளைகளும் விசேட கல்விப் பட்டமும்

எங்கள் காலத்து வகுப்பறை ஒவ்வொன்றிலும் ஒரு கடைசி வாங்கு இருந்தது. கரும்பலகை தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும், நான்கு வருடம் படித்தும் எழுத்துக் கூட்ட வராத பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். ரீச்சர்மார் கொடுமைக்காரிகள் அல்லர். அப்பிள்ளைகளை அடிக்காமல் விட்டதே அன்று பெரிய அன்பாக எண்ணப்பட்டது. இரண்டொரு வருடத்தில் பிள்ளை வீட்டோடு நின்றுவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பெரியகல்லாற்றில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். அப்படியிருந்தும் அந்தப் பெயர்கள் இடாப்பிலிருந்து எப்போது வெட்டப்பட்டன என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவருமில்லை. அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்நாட்டில் எப்படி உருவானார்கள் என்பதை, அந்தப் படிப்பைப் படித்த பழைய மாணவியர் சிலர் சேர்ந்து இங்கே எழுதுகிறோம்.

தொடக்கம் 1912. மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷன் பெண்மணி செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குத் தெகிவளையில் ஒரு பாடசாலை தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை உருவாகி, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வழி பிறந்தது. ஆனால் எமது பகுதிப் பிள்ளை அங்கே படிப்பதென்றால் தாயைப் பிரிந்து விடுதியில் தங்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? பிற்காலத்தில் மட்டக்களப்பிலேயே விழிப்புலனற்றோருக்குத் தரிசனமும் செவிப்புலனற்றோருக்கு வாழ்வோசையும் வந்தபின்தான் அந்தத் தூரம் பஸ் தூரமாயிற்று.

விசேட பாடசாலையில் அல்லாமல் சாதாரண பாடசாலையிலேயே இப்பிள்ளைகளைச் சேர்க்கும் முயற்சி அறுபதுகளின் கடைசியில் தொடங்கியது. அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி என்ற கேள்வி உண்மையில் எழுந்தது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில் அமைந்தது. விசேட கல்விக்கான பயிற்சியும் பாடத்திட்ட வேலையும் அதன் பொறுப்பில் வந்தன. மகரகம என்றால் எமக்கு நாட்டின் மறுகரை. யுத்த வருடங்களில் ஒரு பெண் ஆசிரியை பாதையையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து அங்கே போய் மாதக் கணக்கில் தங்குவதற்கு வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? கற்கைநெறி கிடைத்தும் போகாமல் விட்டவர்கள் எம்மூரில் இருக்கிறார்கள்.

இந்த முடிச்சை எமக்கு அவிழ்த்தது திறந்த பல்கலைக்கழகம். நாவலையிலுள்ள அதன் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. அது பட்டப்படிப்பும் கற்பிக்கிறது. மட்டக்களப்பில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. விடிய முதலாவது பஸ்ஸில் ஏறினால் கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி, தாழங்குடா, காத்தான்குடி என்று கடந்து கல்லடிப் பாலத்தில் வெயில் ஏறும். பின்னேரம் வீடு வந்து சமைக்கலாம். தொலைக்கல்வி என்றால் தரம் குறைந்தது என்பார் உண்டு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒப்படை எழுதிய எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

என்ன படித்தோம்? பிள்ளைக்கு என்ன இயலாது என்று பார்க்க முன்னர் என்ன இயலும் என்று பார்க்கவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கல்வித் திட்டம் வரையவும், அதை மூன்று மாதத்தின் பின் எடுத்து ஒத்துப் பார்க்கவும் படித்தோம். சைகை மொழியும் பிறெயிலும் கொஞ்சம் படித்தோம். இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளையைப் பற்றிய நூல்களில் வரும் உதாரணமெல்லாம் ஆங்கில எழுத்தாகவே இருக்கும். பி, டி இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளை. எங்கள் பிள்ளை தடுமாறுவது அங்கேயல்ல. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னும் அரவு பின்னுமாக நிற்க, ஒலியில் க் என்பதுதான் முதலில் வருகிறது. கண் பார்க்கும் வரிசை ஒன்று, காது கேட்கும் வரிசை இன்னொன்று. பிறெயிலில் இந்தச் சிக்கல் இல்லை: ஆறு புள்ளிக் கட்டத்தில் முதலில் ககரம், அதன் பின் ஒகரம், ஒலிக்கும் ஒழுங்கிலேயே. விழிப்புலனற்ற பிள்ளைக்காகப் படித்த அந்த ஒழுங்கை, கண் தெரிந்தும் வாசிக்க முடியாத பிள்ளைக்கு மணலில் விரலால் எழுதிக் காட்டிப் பயன் கண்டோம். கருணை மட்டும் இருந்திருந்தால் இது எமக்குத் தோன்றியிராது. பட்டம் வேண்டும் என்று நாம் வாதாடுவதும் இதனால்தான்.

சட்டங்கள் தம்பாட்டில் வந்துகொண்டிருந்தன. 1994இல் சலமன்கா பிரகடனம் உட்படுத்தல் கல்வியை உலகுக்குச் சொன்னது. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை பாடசாலை கட்டாயமாயிற்று. 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. அதே 2016இல் ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது. காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. நடப்பு வேறு. ஒரு பாடசாலையில் எங்களில் ஒருவர் விசேட கல்வி அலகுக்கென நியமனம் பெற்றுப் போனார். லீவில் நிற்கும் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்ப்பதிலேயே அவருடைய முதல் தவணை கழிந்தது. அலகுப் பிள்ளைகள் அந்த நாட்களில் படம் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். “இவனுக்கு ஒண்டும் ஏறாது ரீச்சர், பொழுதுபோக இருந்திட்டு வரட்டும்” என்று ஒரு தாய் சொன்னாள். அடுத்த வருடம் அந்தப் பையன் கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணி வாங்கி வந்தான். தாய் அதை எங்களிடம் சொல்ல வரவில்லை. அயலுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

கடல்கடந்து வாழும் அக்காமார், தங்கைமார் தொலைபேசியில் என்ன அனுப்பலாம் என்று கேட்கிறார்கள். சக்கர நாற்காலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எமக்கு உடனே வேண்டியவை செவிப்புலக் கருவிக்கான பற்றரியும், பிறெயில் எழுதத் தடித்த தாளும், பிள்ளையைக் கூட்டி வரும் தாய்க்குப் பஸ் காசும். உயர்தரம் முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளை யாருடைய வீட்டிலாவது இருந்தால், அவளை எங்கள் அலகில் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.